அரை அங்குலம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். முழங்கால் வலி ஒன்று வந்து பார்த்தது. என்னோடு குடித்தனம் பண்ண முடியாது என்று தெரிந்ததும் வந்த வழியே போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரருக்கு இருமல் விட்டதா? பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? போனில் கேட்டால் “ம், எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நான் பேசி முடிக்கும்வரை நீ வைக்க முடியாது.

நீ சொந்தமாகத் தையல்கடை திறந்த சேதி எனக்குத் தெரியும். படத்தை எனக்கு அனுப்பாமல் பக்கத்து மருந்துக்கடைக்காரிக்கு அனுப்பிவிட்டால் தெரியாமல் போய்விடுமா? அவள் வாயில் மாத்திரை வேண்டுமானால் கரையாமல் இருக்கும், ரகசியம் இருக்காது. பெயர்ப்பலகை நேராக இருக்கிறது, சந்தோஷம். மேஜைதான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம் இடது கைப்பக்கம் வருகிற மாதிரி திருப்பிப் போடு. இதைக்கூடச் சொல்லாவிட்டால் நான் என்ன அக்கா.

போன ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரி என்னை வெளியூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாழ்த்து அட்டை செய்யக் கற்றுக்கொடுக்கிறார்களாம், ஒரு நாள் வகுப்பாம், இரண்டு பேருக்குப் பெயர் கொடுத்துவிட்டாளாம். “எனக்குக் கத்தரி பிடிக்கச் சொல்லித்தர இன்னொருத்தி பொறந்து வரணும்” என்றேன். “ஞாயித்துக்கிழமையும் கடைய தொறந்து வெச்சுக்கிட்டு யாருக்குடி காத்திருக்க?” என்று கேட்டாள். கடையைப் பூட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இரண்டு மணி நேரப் பயணம். அவள் பஸ் நகர்ந்ததும் என் தோளில் தூங்கிவிட்டாள். நான் ஜன்னல் வழியாக எல்லார் உடையிலும் தையல் பார்த்துக்கொண்டே போனேன். நம் தொழில் நாற்றம் எங்கே போகும்.

வகுப்பு ஒரு நூலகத்தின் மாடியில். நீளமான இரண்டு மேஜைகள், பன்னிரண்டு பேர், பசை வாடை. சொல்லிக்கொடுத்தவள் அழைப்பிதழ் அச்சகத்தில் வேலை பார்க்கிற பெண், முப்பது வயதிருக்கும். இரண்டு விரலில் பிளாஸ்திரி. அதைப் பார்த்ததும் எனக்கு அவள் மேல் மரியாதை வந்துவிட்டது. கையைக் கிழித்துக்கொள்ளாதவளிடம் என்ன வேலை கற்றுக்கொள்வது? ஆளுக்கு ஒரு பெரிய தாளும், ஒரு உறையும் கொடுத்தாள். தாளை வெட்டு, மடி, ஓரம் கட்டு, மேலே ஒட்டு, அவ்வளவுதான் வேலை.

மருந்துக்கடைக்காரியின் கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒட்டுவதற்குக் கொடுத்த மணிகளை ஸ்கேலால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணினாள், மாத்திரை எண்ணுகிற மாதிரியே. மாமியாருக்குப் பிறந்தநாள் அட்டை. அவள் கையெழுத்தில் அதைப் படித்தால் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்றுதான் தோன்றும்.

நான் உனக்குச் செய்தேன். புதுக் கடைக்கு வாழ்த்து. கடையிலிருந்து கொண்டுபோன துண்டுத் துணிகளை வைத்து ஒரு சின்னத் தையல் இயந்திரம் ஒட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தப் பன்னிரண்டு பேரில் என்னுடையதுதான் அழகு. சொல்லிக்கொடுத்தவளே கையில் எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். காட்டிவிட்டு உறைக்குள் போட்டாள். போகவில்லை. திருப்பிப் போட்டாள். அப்போதும் போகவில்லை.

அளந்து பார்த்தால் நான்கு பக்கமும் அரை அங்குலம் கூடுதல். அவள் சொன்ன அளவைத்தான் குறித்தேன், ஆனால் வெட்டும்போது கை தன்பாட்டுக்கு, துணி வெட்டுகிற மாதிரியே, தையலுக்கு ஓரம் விட்டு வெட்டியிருக்கிறது. காகிதத்துக்கு ஏது தையல்? எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரி எனக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லாரிடமும் சொன்னாள்: “அவள ஒண்ணும் சொல்லாதீங்க. முன்னெல்லாம் கண்ணாலயே அளந்து வெட்டுவா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவ தங்கச்சி அளவு தப்பா எடுத்து ஒரு பட்டுத் துணியே பாழாப் போச்சு. அன்னையிலேர்ந்து எதை எடுத்தாலும் இப்படித்தான் விட்டு வெட்டறா.”

சின்னவளே, அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஊருக்கெல்லாம் தெரிந்ததும் அதுதான்.

தலைமையாசிரியை அம்மா மகளின் நீலப் பட்டு கவுன். நீ அளவைச் சரியாகத்தான் எடுத்தாய், சரியாகத்தான் எழுதினாய். வெட்டினவள் நான். வாசலில் நின்ற யாரோடோ பேசிக்கொண்டே, தையலுக்கு ஒரு நூல்கூட விடாமல், உடம்பளவுக்கே வெட்டித் தள்ளினேன். பள்ளி விழாவுக்கு முதல் நாள் அந்தப் பெண்ணுக்கு முதுகில் கொக்கி மாட்டவில்லை. அந்த அம்மா உன்னைப் பார்த்து, “சின்னவ அளவெடுத்த லட்சணம் இது” என்று கத்தினார்கள். நான் வாயைத் திறந்தேன். திறந்து, “இப்பதான் கத்துக்கறா, மன்னிச்சுக்கங்க” என்றேன். அதைவிட வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

அளவு நோட்டு உன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நீ அதைத் திறந்து காட்டியிருக்கலாம். காட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாய், அவ்வளவுதான். அடுத்த மாதமே வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று உன் கத்தரியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாய். வேலைக்காகத்தான் போனாள் என்று நானும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் அதிகம்.

அந்த மாடியில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில், மறுபடி உன் பெயர் கெட்டது. இந்தத் தடவை பேசாமல் இருக்க முடியவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு, “அளவு சரியாத்தான் இருந்துச்சு. தப்பா வெட்டினவ நான். பழியத் தங்கச்சி தலையில போட்டேன்” என்றேன். அச்சகக்காரப் பெண்தான் புத்திசாலி. வேறு ஒரு தாளை நகர்த்தி வைத்து, “அப்ப இந்த அட்டைக்கு உறையும் நீங்களே செஞ்சுடுங்க” என்றாள்.

திரும்பும்போது மருந்துக்கடைக்காரி தூங்கவில்லை. பாதி வழியில், “நானும் இத நாலு பேருகிட்ட சொல்லியிருக்கேனேடி” என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். “நாளைக்கு அந்த டீச்சரம்மா வீட்டுக்குப் போறோம்” என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனோம். அளவு நோட்டை எடுத்துப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். உன் எழுத்து, அந்தத் தேதி, அந்தப் பெண்ணின் அளவு. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார்கள். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர்கள் திட்டவில்லை. “அந்தப் பொண்ணு ஏம்மா அன்னைக்கு ஒரு வார்த்தை பேசல?” என்று மட்டும் கேட்டார்கள். நீ எனக்காகப் பேசாமல் இருந்தாய் என்று சொல்ல வந்தேன். என் வாயை அடைக்க ஊரில் ஆளில்லை என்று சொல்வாயே, அன்று அந்தக் கேள்வி அடைத்துவிட்டது.

ஆகவே, இங்கே உன் பெயர் சுத்தம். கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் இனி என்னிடம் தைப்பதில்லை என்றார்கள். போகட்டும், நான் பிழைத்துக்கொள்வேன்.

அட்டை இதோடு வருகிறது. உறை துணியில் தைத்தது. தபாலாபீஸில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். அட்டைக்குள் ஒட்டுவதற்கு அச்சடித்த வார்த்தைகள் கொடுத்தார்கள். ‘மன்னிக்கவும்’ என்றும் ஒன்று இருந்தது. அடுத்தவர் எழுத்தை ஒட்டி உன்னிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் கையாலேயே எழுதியிருக்கிறேன், பார்.

இன்னொன்று. நீ போனபின் நான் எனக்கென்று ஒரு சட்டைகூடத் தைத்துக்கொள்ளவில்லை. பழையதையே தையல் பிரித்துப் பிரித்துத் தளர்த்திப் போட்டுக்கொள்கிறேன். உலகத்துக்கே அளவெடுக்கிறேன், என் முதுகை நான் எப்படி அளப்பது? நோட்டின் முதல் பக்கத்தில் நீ எழுதி வைத்த என் அளவு இருக்கிறது. அது இனி உதவாது, உடம்பு மாறிவிட்டது. உனக்குப் பிடித்த அந்தச் சாம்பல் நிறத்தில் இரண்டரை மீட்டர் வாங்கி வெட்டுகிற மேஜையின் ஓரத்தில் மடித்து வைத்திருக்கிறேன். அதில் நான் கத்தரி வைக்க மாட்டேன்.

உன் கடை நன்றாக ஓடட்டும். வருகிற கூட்டத்தில் உனக்குச் சாப்பிட நேரமில்லாமல் போகட்டும். அதை விட்டுவிட்டு வா என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, டேப்பை எடுத்துக்கொண்டு வா. நான் அசையாமல் நிற்கிறேன்.

இப்படிக்கு,
முதுகைக் காட்டி நிற்கும்
உன் அக்கா