வீட்டுக்கு வந்த பாடகர் குழு

அன்பு மகன் ஆஸ்டினுக்கு, மயிலாப்பூரிலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நலம், அங்கே நீ நலமா? உன் அம்மாவும் நலம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, இந்தத் தடவை பொய் எழுத மனம் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறாள், எல்லாம் கேட்கும்.

போன மாதம் சொன்னாயே, கஞ்சாவில் இருப்பது மாதிரி ஒரு பொருளை நம் உடம்பே தயாரிக்கிறது, அது சுரந்தால் மனம் லேசாகும், ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயர், வேகமாக நடந்தாலும் நாலு பேரோடு சேர்ந்து பாடினாலும் கூடும் என்று. முப்பத்தொரு வருஷம் விலங்கியல் நடத்தியவனுக்கு இது தெரியவில்லை பார். உன் தங்கை டெல்பின் காய்ச்சலில் போய் எட்டு மாதமாகிறது, உன் அம்மா உடம்பில் அது ஒரு சொட்டுகூட மிச்சமில்லை என்றுதான் நினைக்கிறேன். நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு அழைத்துப் போனேன், அரைச் சுற்று நடந்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதா கோயிலுக்கும் வர மாட்டேன் என்கிறாள். இருபது வருஷம் அங்கே பாடகர் குழுவில் பாடியவள் ஆயிற்றே என்று, நான் அதிபுத்திசாலி, குழுவையே வீட்டுக்கு வரச் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேர் கீபோர்டோடு மாடியேறினார்கள். நம் கோயில் பங்கில் அவர்கள் இப்படி மொத்தமாக ஒரு வீட்டுக்குப் போனால் அது துக்க வீடு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மூன்றாவது பாட்டில் கீழ்வீட்டு சந்திரிகா ரோஜா மாலையோடு ஓடி வந்து, இன்னா சார், அக்கா எப்போ போச்சு, ஒரு வார்த்தை சொல்லலியே என்று அழுதாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவைப் பார்த்ததும் மாலையைக் கீழே போட்டுவிட்டாள். பாட்டு நின்றது, எனக்கு மானம் போயிற்று.

உன் அம்மா எழுந்தாள், எட்டு மாதத்தில் யாரும் சொல்லாமல் தானாக எழுந்தது அன்றுதான். மாலையை எடுத்துத் தூசி தட்டி, என் பக்கம் திரும்பி, இதைத் திருப்பிக் குடுத்துடாதீங்க, இருக்கட்டும் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்துவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதியாகக் காபி குடித்துவிட்டுப் போனார்கள், எனக்குத்தான் அந்த ‘இருக்கட்டும்’ யாருக்காக என்று புரிந்தது. மாலை இப்போது ஃபிரிட்ஜில் இருக்கிறது, தினமும் எடுத்துத் தண்ணீர் தெளிக்கிறாள். செவ்வாய்க்கிழமை மனநல டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், எதற்கு என்கிறாள். அவளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது ஆஸ்டின்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. கிறிஸ்துமஸ் வரை காத்திராமல் டிக்கெட்டை மாற்று. வருகிறேன் என்று என்னிடம் சொல்லாதே, அவளிடம் சொல். பிள்ளை வருகிறான், ஃபிரிட்ஜில் இடம் வேண்டும் என்று சொல்லி அந்த மாலையைத் தூக்கிப் போட எனக்கு ஒரு காரணம் வேண்டும்.

உன் அப்பா,
விக்டர்