இலையில் இருந்த உப்பு

ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் உன் கையெழுத்தோடு ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி இருக்கிறது. இன்று காலையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் கூடிப்போன, பால் விடாத பிளேன்டீயின் அதே மஞ்சள் நிறம். அடியில் மண்டி இல்லை. நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. நீ செய்த வெள்ளித் துணிக்கைகள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கின்றன. ஓகஸ்டிலிருந்து இந்தக் குப்பியை நான் எடுத்துப் பார்க்காத நாள் இல்லை.

ஓகஸ்டில்தான் வெளியான நம் கட்டுரைக்கு மறுமொழி வந்தது. வேறொரு ஆய்வுகூடத்தில் நம் செய்முறையைச் செய்து பார்த்தார்களாம், கிடைத்தது வெள்ளைக் கலங்கல் மட்டுமாம். பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"இல்லாத பிள்ளைட பேரில குத்தம் சொல்ல எனக்கு விருப்பமில்ல. நீங்க திருப்பிச் செய்து காட்டுங்க. வருசம் முடியக்குள்ள ஏலாட்டி கட்டுரைய நாமளே வாபஸ் எடுத்திருவம்."

"குப்பி இரிக்கே சேர்," என்றேன்.

"ஒரு குப்பிய எங்கயும் வாங்கி ஊத்தி வைக்கலாமெண்டு கேப்பாங்க, பிள்ள."

நானும் நீயும் செய்தது சிக்கலான வேலை அல்ல. வாவியோரச் சதுப்பில் நிற்கும் கண்ணா மரத்தின் இலையை அவித்து வடித்து, அந்தச் சாற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் விடுவோம். நிறமில்லாத கரைசல் மெல்ல மஞ்சளாகும். மற்றவர்கள் நச்சு இரசாயனங்களைக் கொண்டு செய்வதை நமக்கு இலை செய்து தந்தது. வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளாக்கி, அவை கட்டிபடாமலும் அதுவே காத்தது. புண்ணில் கிருமியை அடக்கும் களிம்புக்கு இப்படி நிலைத்து நிற்கும் வெள்ளிதான் வேண்டும். காத்தான்குடியில் உன் உம்மாவின் காலில் ஆறாத சீனி வருத்தப் புண். ஒவ்வொரு காலையும் அதைக் கழுவிக் கட்டிவிட்டுத்தான் ஆய்வுகூடத்துக்கு வருவாய்.

உன் ஆய்வுக் குறிப்புக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தேன். அளவு, சூடு, நேரம் எல்லாம் வரி பிசகாமல். விட்டதுமே பால்போலக் கலங்கி, மறுநாள் சாம்பல் மண்டியாகிவிட்டது. குளோரைட்டு எங்கிருந்தோ சேர்கிறது என்று தெரிந்தது. வெள்ளிக்கு உப்பு ஆகாது என்பது பள்ளிக்கூடப் பாடம். காய்ச்சி வடித்த நீரை மாற்றினேன். முகவைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். இலையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. நீ பறித்த அதே மரங்கள்தானே. கொப்பியிலும் ஒவ்வொரு முறையும் ஒரே வரிதான் இருந்தது: "இலை, வழமைபோல்."

ஏழாவது முறையும் கலங்கியபோது தலைவரின் பேச்சு என் மண்டைக்குள் புகுந்துவிட்டது. உண்மையில் வாங்கி ஊற்றி வைத்தாளோ? உம்மாவின் காலைப் பார்த்த அவசரத்தில் வராத ஒன்றை வந்ததென்று எழுதிவிட்டாளோ? பதினொரு நாள் அப்படி நினைத்தேன். அந்த நாட்களில்தான் உம்மாவும் அழைத்தார்.

"என்ட மகள்ட மருந்து எப்ப வரும் புள்ள? கால் ரெண்டையும் பத்திரமா வச்சிக்கிட்டுத்தான் இரிக்கன்."

"அது இன்னும் மருந்தாகல்ல உம்மா. கிளினிக்குக்குப் போறத மட்டும் விட்டிராதீங்க," என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

கடைசியாக ஒருமுறை இலை பறிக்கப் போனேன். மாதக்கணக்காக மழை இல்லை. வாவி வற்றிச் சேறு வெடித்துக் கிடந்தது. பறித்த இலையைத் துடைத்தபோது கைக்குட்டையில் வெள்ளையாக ஏதோ படிந்தது. தூசியென்று உதறப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். ஒருநாள் காலை, முதல்நாள் மழையில் நனைந்து நின்ற இந்த மரங்களுக்குள் நீ இலை இலையாக நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"என்ன கா, ஆடா நீ? பக்கத்தில தில்லையும் நிக்குது. அதிட பால் பட்டுக் கண் அவிஞ்சா என்னால உன்னக் கொண்டுபோக ஏலா," என்று கத்தினேன்.

தோணியில் போன ஒருவர் துடுப்பை நிறுத்தி, "என்ன பிள்ளையள், பசிக்குதா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா, உப்புப் பாக்கிறம். கறிக்குப் பாக்கிறல்லியா, அது மாதிரித்தான்," என்றாய் நீ.

நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். கண்ணா மரம் குடிக்கும் உப்பை இலைவழியே வெளியே தள்ளும் என்று நான் படித்ததுதான். எனக்கு அது மூளையில் இருந்தது, உனக்கு நாக்கில் இருந்தது. வெயில் காலத்தில் வாரக்கணக்கில், "இண்டைக்கு வேணாம் கா, இலை சரியில்ல," என்று தட்டிக்கழிப்பாய். சோம்பல் என்று நினைத்தேன். மழை விட்ட மறுநாள் ஸ்கூட்டரில் பறந்து போவாய். குளிர்க் காற்று வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

அந்தக் காய்ந்த இலையை நாக்கில் வைத்தேன். கருவாடு கெட்டது போ, அவ்வளவு உப்பு!

இந்த உப்பை மழைதான் கழுவவேண்டும். அன்றிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை மழை பிந்தியது. நாட்காட்டியைப் பார்ப்பேன், வானத்தைப் பார்ப்பேன், மறுபடி நாட்காட்டி. ஒருவழியாகப் பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. ஊரெல்லாம் வெள்ளம் வருமென்று பயந்தபோது நான் இன்னும் ஒரு நாள் பெய்யட்டும் என்று வேண்டிக்கொண்டேன், பாவி. பத்தாம் நாள் பறித்த இலையில் உப்பு இல்லை, பச்சைக் கசப்பு மட்டும். சாற்றை விட்டேன். கலங்கவில்லை. மதியத்துக்குள் மஞ்சளாகிவிட்டது. கதிரையில் உட்கார்ந்து அழுதேன்.

அது மஞ்சளாகி இன்று பத்தொன்பதாம் நாள். என் குப்பியை உன் குப்பிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு காலையும் குளிர்ப்பெட்டியைத் திறக்கக் கை தயங்குகிறது. இதுவரை மண்டி விழவில்லை, நாளைக்கு விழுமோ தெரியாது. திருத்திய கட்டுரையில், தொடர்மழைக்குப் பின் பறித்த இலை என்றும், அதன் குளோரைட்டை முதலில் அளக்கவேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். நாக்கைப் பற்றி எழுத முடியாதே. அதை உன் கொப்பியில், "வழமைபோல்" என்ற வரிக்குக் கீழே எழுதி வைத்தேன்.

இப்போது வீட்டில் கறிவேப்பிலை பறித்தாலும் எனக்கு முதலில் நாக்குக்குத்தான் போகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் அந்தப் பதினொரு நாள் எந்தத் திருத்தத்திலும் வராது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். எட்டு வருடம் ஒரே மேசையில் பக்கத்தில் நின்றவளை நம்புவதற்கு எனக்கு மழை வரவேண்டியிருந்தது.