சுகப்பிரசவ அட்டைகள்

12-7-1971, திங்கள்
ஆஸ்பத்திரி ரிக்கார்டு அறையில் எனக்கு இது நான்காவது வருடம். ஹெட் கிளார்க் பச்சியப்பனுக்கு இருபதாவது. எந்த நோய்க்கு எந்த எண் என்று சொல்லும் தடிப்புத்தகத்தை அவர் தலைக்கு வைத்துத் தூங்குவதோடு சரி. பிரசவ வார்டு அட்டை எது வந்தாலும் ஒரே எண்தான்: சுகப்பிரசவம். மகானுபாவர்!

14-7
இன்று ஓர் அட்டை. தாய் நலம். ஓரத்தில் நர்ஸ் சகாயமேரி பென்சிலில் எழுதியிருக்கிறார்: "குழந்தை பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், மலம் போகவில்லை. மூன்றாம் நாள் இறப்பு." குடல் அடைப்பு. அதற்குத் தனி எண் இருக்கிறது. புத்தகத்தைப் பச்சியப்பனிடம் விரித்துக் காட்டினேன்.
"பேரு வெக்காத புள்ளைக்கு ஏதுங்க தம்பி அட்டை? அட்டை ஆத்தாளுது. அவ நல்லாத்தானே வூட்டுக்குப் போனா?"
பிள்ளை செத்தாலும் பிரசவம் சுகம். என்ன மூளை, என்ன மூளை!

2-8
வத்தல்மலை குள்ளம்மாளின் குழந்தை. பிறந்து இரண்டு நாள். அதே பச்சை வாந்தி. உடனே சேலத்தில் ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்கிறார் டாக்டர். வேனுக்குச் சீட்டு வேண்டும், சீட்டுக்கு அட்டை வேண்டும், அட்டைக்குப் பெயர் வேண்டும். இந்த அறிவாளிகளின் சட்டம் இது!
குள்ளம்மாள் அசையவில்லை. "முந்தி ரெண்டுக்கு அவசரப்பட்டுப் பேரு வெச்சேனுங்க. ரெண்டும் தங்கல. பதினாறு நாள் கழியாம வெக்க மாட்டேன்."
பச்சியப்பன் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நானே ஓர் அட்டை எடுத்தேன். பெயர்: மாதப்பன். நோய்: குடல் அடைப்பு. ஒன்றரைக்கு வேன் கிளம்பியது. வேலை போகுமோ? போகட்டும், மயிரே போச்சு.

3-8
"யாருங்க தம்பி இந்த மாதப்பன்?" என்கிறார் பச்சியப்பன். அட்டையை வாங்கி அலமாரியில் செருகினேன்.

19-8
பிழைத்துவிட்டதாம். சகாயமேரி வந்து சொன்னார். அலமாரிப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

10-1-1972
மேலிடத்துக் கடிதம். "தங்கள் மருத்துவமனையில் இதுவரை இல்லாத குடல் அடைப்பு நோய் சென்ற ஆண்டு புதிதாகத் தோன்றக் காரணம் யாது? விளக்கம் தேவை."
"பாத்தீங்களா? இல்லாத சீக்கைக் கொண்டாந்துட்டீங்க" என்கிறார் பச்சியப்பன்.
விளக்கம் எழுதுவதற்காகப் பழைய கட்டுகளை அவிழ்த்தேன். சுகப்பிரசவ அட்டைகளின் ஓரங்களில் பச்சை வாந்தி, பச்சை வாந்தி. மொத்தம் பதினொன்று. ஏழில் எண் போட்டது பச்சியப்பன்.
நான்கில் நான்.