எண்பது நடக்கும் மந்திரவாதி

15 ஆகஸ்ட் 2009, சனி

இன்று பின்னேரம் சுதாவின் மந்திரவாதி செத்துப்போனதாகத் தீர்ப்புச் சொன்னேன். கனடாவிலிருந்து வந்த புத்தகத்தை வைத்து மூன்று பேரும் கட்டை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டத்தில் நான்தான் நடுவர். எண்பது வயது முடிந்தால் சாவு என்பது விதி. இளமை மந்திரத்தைப் படித்து முடிக்க அவனுக்கு இன்னும் ஒரு மாதம் தேவைப்பட்டது. அவனுடைய விவரத் தாளிலோ வயது எண்பது.

"செத்தாச்சு. தாளைத் தாடா."

சுதா தரவில்லை. அந்த மந்திரவாதியை உருவாக்கியது அவனுடைய அண்ணன். கல்குடாவில் சுனாமி வந்து அவரைக் கொண்டுபோவதற்கு முதல் கிழமை எழுதிய தாள் அது. அவர் எழுபத்தாறு என்று எழுதியதைச் சுதா ஆண்டுக்கொன்றாகக் கூட்டி வந்திருக்கிறான்.

மூன்றாவது ஆளான ஏறாவூர் றிஸ்வான்தான் வாயைத் திறந்தான். "மச்சான், அண்ணன்ட்ட வயசு கேட்டா எப்பவும் நடக்கிற வயசத்தானே சொல்லுவார்?"

சுதா துள்ளினான். "ஓம்டா! எண்பது நடக்குது, முடியேல்ல!"

தாளின் மூலையில் மந்திரவாதி பிறந்த திகதியும் இருந்தது, டிசம்பர் மாதம். எரிச்சலோடு கழித்துப் பார்த்தேன். முடிந்தது எழுபத்தொன்பதுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தானே சொல்வார்கள், எனக்கு ஏன் விளங்கவில்லை?

ஆட்டத்தில் அந்த ஒரு மாதத்தை ஓட்டினோம், மந்திரம் பலித்தது. புது வயதைச் சொல்லும் இருபது முகக் கட்டை இருபது காட்டியது. றிஸ்வான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அண்ணனின் எழுத்துக்குக் கீழே சுதா இருபது என்று எழுதினான்.

"நடக்கிறதா, முடிஞ்சதா?" என்று கேட்டேன்.

"போடா விசரா" என்று சிரித்தான். கண் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

விதிப்படி மந்திரவாதிக்கு இன்னும் அறுபது ஆண்டு. அதுவரை கட்டை உருட்ட நாங்கள் மூன்று பேரும் இருக்க வேண்டும்.