அக்கரைக் கிடாரிகள்

புதன்கிழமை காலை

அன்புள்ள டர்க்,

இந்தக் கடிதம் அலாஸ்காவுக்கு வந்து சேரும்போது உன் நண்டுப் படகு கரையில் இருக்க வேண்டும், நீயும் பத்து விரலோடு முழுசாக இருக்க வேண்டும். நான் சௌக்கியம் என்று எழுதினால் அது பொய். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் ஓடையைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன். பிடித்த மழை இன்னும் விடவில்லை.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் வந்துவிட்டது. மீன் ஏற முடியாதபடி ஓடைக்குக் குறுக்கே கிடந்த பழைய குழாயைக் கோடையில் பிடுங்கிப் போட்டோமே, அதற்காகப் பழங்குடியினரோடு நடந்த கூட்டத்தில் நீ என்ன சொன்னாய்? "இந்த ஓடைக்கு சால்மன் வர்றதுக்குள்ள எனக்குப் பல்லெல்லாம் கொட்டிடும்" என்றாய். பல் பத்திரமாக இருக்கிறதா பார்த்துக்கொள். ஒரு ஜோடி வந்தது, செக்கச் சிவந்து, முதுகு தண்ணீருக்கு மேலே தெரிய. பெண்மீன் வாலால் சரளையை அடித்து அடித்துக் குழி பறித்து முட்டை இட்டது. நான் கரையில் நின்று அழுதேன். சிரிக்காதே.

கெட்ட செய்தி, அது குழி பறித்த இடம். பாலம் கட்டும்வரை மாடும் டிராக்டரும் இறங்கி ஏறட்டும் என்று நீ புதுச் சரளை கொட்டி நிரவினாயே, அங்கேதான். இவ்வளவு நீள ஓடையில் அதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை. பழங்குடியினரின் மீன் அலுவலகத்து வெர்னா வந்து பார்த்துவிட்டு, "உன் வீட்டுக்காரர் போட்ட மெத்தை அவ்வளவு சொகுசு போல" என்று சிரித்தாள். பிறகு குழியைச் சுற்றி ஆரஞ்சு நாடா கட்டினாள். வசந்தத்தில் குஞ்சுகள் வெளியேறும்வரை சக்கரமோ குளம்போ அதன்மேல் படக்கூடாது. அவர்களோடு நாம் கையெழுத்துப் போட்டது அப்படித்தான். பாலமோ அடுத்த கோடையில்தான் வரும்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். நமக்கு அக்கரை முழுக்கச் சேறு, அதில் நம் கிடாரிகள் அத்தனையும். பெரிய ஆறு நாளை மாலைக்குள் கரை மீறும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மீறினால் அந்த வயல் மூழ்கிவிடும்.

இக்கரையில் நின்று தீவன வாளியைத் தட்டினால் போதும், அவை தாமாகவே அந்தச் சரளை வழியே ஓடையில் இறங்கி வந்துவிடும். இப்போதும் வாளியோடு போய் நின்றுவிட்டுத்தான் வருகிறேன். தட்டவில்லை. தட்டினால் மாடு பிழைக்கும், முட்டை போகும். தட்டாவிட்டால் மாடு போகும். அந்த வயலுக்கு இன்னொரு வழி இருப்பது உனக்கும் தெரியும். அக்கரையில் நம் வயலை ஒட்டிய பக்கத்துக்காரர் ஹாகனின் நிலம். இரண்டு வயலுக்கும் நடுவே உள்ள கதவில் நீ பூட்டிய சங்கிலி அப்படியே இருக்கிறது.

உன் முகம் எப்படி மாறும் என்று தெரியும். அவர் தன் கரையில் பாறை கொட்டி உயர்த்தியதால் அந்த வருஷ வெள்ளம் நம் பக்கம் திரும்பியதையும், செத்துச் சிக்கிக் கிடந்த கன்றுக்குட்டிகளை நாம் வேலியிலிருந்து எடுத்ததையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் போகிறேன். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை

டர்க், மாடுகள் அத்தனையும் பிழைத்தன. மீதியையும் பொறுமையாகப் படி.

ஹாகன் கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "யாராவது செத்துட்டாங்களா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். விஷயத்தைச் சொன்னேன். "மாட்டுக்காகக் கேக்கறியா, மீனுக்காகக் கேக்கறியா?" என்றார். "ரெண்டுக்கும்தான்" என்றேன். "டர்க்குக்குத் தெரிஞ்சா?" என்றார். "கத்துவாரு" என்றேன். "கத்தட்டும். அவன் குரலைக் கேட்டே ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே பூட்ஸை மாட்டினார்.

பூட்டு துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. பெரிய வெட்டுக்கத்தரி கொண்டுவந்து சங்கிலியை வெட்டினார். வெர்னாவும் அவள் ஆட்களும் வந்துவிட்டார்கள். எல்லாருமாகச் சேர்ந்து அவர் நிலம் வழியாக ஓட்டி, ரோட்டுப் பாலத்தைச் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நடக்கும்போது ஹாகன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே, "என் கொட்டிலைக் காப்பாத்தத்தான் பாறை கொட்டினேன் ட்ரூடி. தண்ணி உங்க பக்கம் திரும்பும்னு சத்தியமா நெனைக்கல" என்றார். அதை என்னிடம் சொல்லாதீர்கள், சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லுங்கள் என்றேன்.

இவ்வளவு பாடுபட்டும், ஓட்டத் தொடங்கும்போதே அந்த வெள்ளைமூஞ்சிக் கிடாரி கூட்டத்தை விட்டுத் திமிறி ஓடி, நேரே ஓடையில் குதித்து, நாடாவை அறுத்துக்கொண்டு இக்கரை ஏறிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. வெர்னாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அறுந்த நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "உன் மாடு ஒண்ணும் கையெழுத்துப் போடலையே" என்றாள். சிரிக்க முயன்றாள், வரவில்லை. அவள் அம்மா காலத்துக்குப் பிறகு இந்த ஓடைக்கு வந்த முதல் ஜோடியாம்.

நேற்று மாலை ஆறு கரை மீறியது. வயல் இப்போது ஏரி. முட்டை மிதிபட்டதா, வெள்ளம் வாரிக்கொண்டு போனதா, கல்லுக்கடியில் பத்திரமாகத்தான் இருக்கிறதா, யாருக்கும் தெரியாது. தோண்டிப் பார்க்கலாமா என்றால், தோண்டினால் இருப்பதும் செத்துவிடும் என்கிறாள் வெர்னா. வசந்தம்வரை சும்மா இருக்க வேண்டுமாம். சும்மா இருக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியாதா?

புதுச் சங்கிலி வாங்கி மாட்டிவிடவா என்று ஹாகனிடம் கேட்டேன். "டர்க் வந்து சொல்லட்டும். பூட்டச் சொன்னா நானே பூட்டறேன்" என்றார். காற்றில் அந்தக் கதவு அடித்துக்கொண்டே கிடக்கிறது. அடுப்படிவரை சத்தம் கேட்கிறது. நானும் போய்க் கட்டவில்லை, அவரும் கட்டவில்லை.

கோபம் வந்தால் கோபத்தையே எழுது, ஒரு வரியானாலும் போதும். இந்தப் பருவம் முடிந்ததும் படகுக்காரர் இன்னொரு பருவத்துக்குக் கூப்பிடுவார். போகாதே டர்க். நீ இல்லாமல் இனி ஒரு வெள்ளத்தை என்னால் பார்க்க முடியாது. அந்தக் கதவைப் பூட்டுவதானால் நீயே உன் கையால் வந்து பூட்டு.

கடல் உன்னை அப்படியே எனக்குத் திருப்பித் தரட்டும்.

உன்
ட்ரூடி