ஏழாவது படமும் புதுப் பிரிண்டரும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கணக்கு வகுப்பில் இரண்டு தடவை திட்டு வாங்கினேன். கவனம் முழுக்கப் பிரிண்டர் மேல். இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் திட்டு.

நூலக ஆசிரியை அறிவித்துவிட்டார். மாணவர்கள் தாங்களே எழுதி, வரைந்து, தைத்த புத்தகங்களை 29-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நன்றாக இருப்பவற்றுக்கு எண் ஒட்டி அலமாரியில் வைப்பார்களாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போய்ப் படிக்கலாமாம்! எங்களிடம் குடைக் கதை தயாராக இருக்கிறது. பேருந்தில் மறந்துபோன ஒரு குடை பத்துப் பேர் கை மாறும் கதை. எழுத்து என்னுடையது, பத்துப் படங்களும் மைனாவுடையவை. (அவளுடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. வாய் ஓயாததால் மைனா.) அசல் படங்களை நூலகத்துக்குத் தரமாட்டாளாம். பிரதி எடுத்துத்தான் தைக்க வேண்டும்.

வீட்டில் எப்படியும் பிரிண்டர் வாங்குவதாக இருந்தார்கள். அம்மாவுக்குத் தையல் மாதிரிகள் அச்சடிக்க வேண்டும், அக்காவுக்கு ஸ்டிக்கர். "நீதான் நிறைய படிக்கிறவ, நீயே பாத்துச் சொல்லு" என்று அப்பா பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இணையத்தில் படிக்கப் படிக்கத் தெளிவு வரும் என்று நினைத்தேன். தலைதான் சுற்றுகிறது.

லேசர் என்றால் எழுத்து கூர்மை, படம் சுமார். மை பிரிண்டர் என்றால் படம் அழகு, ஆனால் பல நாள் சும்மா போட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். கார்ட்ரிட்ஜ் மாற்றுவதா, தொட்டியில் மை ஊற்றுவதா? ஒரு வகை மை ஈரம் பட்டால் கலையும். இன்னொரு வகை கலையாது, ஆனால் பளபளப்புத் தாளில் எடுப்பாக இருக்காது. ஒருவர் ஆகா என்பதை அடுத்தவர் ஐயோ என்கிறார். இரண்டு பேரும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

ஆகஸ்ட் 9, சனி

கடைக்குப் போனோம். என்ன வேலைக்கு என்று கடைக்காரர் கேட்டதுதான் தாமதம், நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் கையைத் தூக்கி, "ஒவ்வொருத்தரா சொல்லுங்க, மெஷின் ஒண்ணுதானே" என்றார். அச்சு, பிரதி, ஸ்கேன் மூன்றும் செய்கிற, தொட்டியில் மை ஊற்றுகிற வகையை எடுத்துக் காட்டினார்.

"கெட்டித் தாள் போகுமா?" என்று கேட்டேன்.

"பின்பக்கத் தட்டு வழியா விடும்மா, நேரா போயிடும். முன்னாடி விட்டா சுருட்டி இழுக்கும்."

குறித்துக்கொண்டேன். அம்மா பெட்டியைத் தடவிப் பார்த்து, "மூணு வேலை செய்யுதாம். உங்கப்பாவ விட ரெண்டு கூட" என்றாள். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரசீது எழுதினார். அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கையேடு எண்பத்து நாலு பக்கம். முழுவதும் படித்துவிட்டேன். "பரீட்சையா வைக்கப் போறாங்க?" என்று அக்கா கேட்டாள். கேட்டுவிட்டு, எந்தத் தொட்டியில் எந்த மை என்று கேட்க என்னிடம்தான் வந்தாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மைனா பத்துப் படங்களும் இருந்த கோப்பைக் கொடுத்தாள். பள்ளி வாசலில் வைத்து, இரண்டு கையாலும்.

"மடிக்காத. ஈரக் கையால தொடாத. உங்கக்கா பக்கத்துல வைக்கவே வைக்காத."

ஏழாவது படம் மழை. பேனாவால் இழுத்த மெல்லிய கோடுகள், ஆயிரக்கணக்கில். அதற்கு மட்டும் மூன்று வாரம் ஆனதாம். நடுவில் குடையை, பரிசு சுற்றும் வெள்ளித் தாளில் வெட்டி ஒட்டியிருக்கிறாள். சாய்த்துப் பார்த்தால் நிஜமாகவே நனைந்தது போல மின்னுகிறது.

ஆகஸ்ட் 16, சனி

எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதினால் புரியுமோ என்னவோ.

காலையில் பிரதி எடுத்தேன். ஒன்பது படங்கள் அருமையாக வந்தன. ஏழாவது மட்டும் வரவில்லை. வெள்ளிக் குடை கறுப்பாக விழுந்தது. மழை சாம்பல் பூசியது போல. நாலு தடவை எடுத்தேன், நாலு தடவையும் கரி. அப்போது தோன்றியது: அசலையே புத்தகத்தில் வைத்தால் என்ன? கதை வரிகளை அதன் அடியிலேயே அச்சடித்துவிட்டால்? பின்பக்கத் தட்டில் கெட்டித் தாள் போகும். ஒட்டிய தாளைப் பற்றிக் கையேட்டில் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. கூடாது என்று எழுதவில்லை, அதனால் கூடும் என்று எடுத்துக்கொண்டேன்.

பாதி போனதும் கடகடவென்று சத்தம். பிறகு நின்றுவிட்டது. மூடியைத் திறந்து இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. குடை உள்ளேயே பிய்ந்து கிடந்தது, படம் குறுக்கே கிழிந்திருந்தது, மழையின் மேல் உருளை போட்ட கறுப்புத் தடம்.

மைனாவைக் கேட்டிருக்கலாமே. போன் கைக்கெட்டும் தூரத்துலதான் இருந்துச்சு. ஏன்டி கேக்கல? அவ வேணாம்னு சொல்லிடுவான்னு தெரிஞ்சுதான் கேக்கலயா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அப்பாவிடம் மட்டும் சொன்னேன். நாலு தடவை பிரதி எடுத்தேனே, படம் இயந்திரத்துக்குள் எங்கோ இருக்குமே என்றேன். "பிரதி எடுத்தா அது கண்ணாடி மாதிரிம்மா. பாத்துட்டு மறந்துடும். ஸ்கேன் பண்ணியிருந்தா கம்ப்யூட்டர்ல இருந்திருக்கும்" என்றார். எண்பத்து நாலு பக்கம் படித்தேனே, இது எப்படி மண்டையில் ஏறவில்லை?

ஆகஸ்ட் 18, திங்கள்

"எல்லாம் நல்லா வந்துச்சா?" என்றாள் மைனா.

"வந்துச்சு" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. வாய் என்னுடையதுதானே?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சொல்லிவிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். கிழிந்த படத்தையும் கையில் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டுப் பெரிதாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன், ஒரு வரியும் வரவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கிழிந்த இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னிக்குக் கிழிஞ்சுது?"

"சனிக்கிழமை."

"திங்கட்கிழமை கேட்டேன்ல."

அவ்வளவுதான். நான் கொண்டுபோயிருந்த மீதிப் படங்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மைனா பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. படத்துக்காகக் கோபமா, பொய்க்காகவா? எதற்கென்று தெரிந்தால் அதற்கு மட்டுமாவது அழலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுகிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள். முதல் பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் கரும்பலகை பளபளத்துக் கண் கூசுகிறது என்று எப்போதும் சொல்பவள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பத்து மணிக்கு அழைப்பு மணி. மைனா! கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "எங்க அந்தப் பேய்?" என்று நேரே பிரிண்டரிடம் போனாள்.

புதிதாக ஏழாவது படம் வரைந்திருக்கிறாள். மழையே இல்லை. நாற்காலி முதுகில் ஒரு குடை விரித்து மாட்டியிருக்கிறது, கீழே தரையில் சின்னக் குளமாகத் தண்ணீர். எதுவும் ஒட்டவில்லை. எல்லாம் வண்ணம்தான்.

"அந்த மழைய இன்னொரு தடவ என்னால வரைய முடியாது. மழை விட்டுடுச்சுன்னு வச்சுக்க. உன் வரிய மாத்து."

அந்தப் பக்கத்தில் மழையைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த பதினோரு வரிகள் இருந்தன. அடித்துவிட்டேன். மூன்று வரி எழுதிக் காட்டினேன். "ரெண்டு போதும்" என்றாள். இரண்டாக்கினேன்.

படங்களை என் கையில் தரவில்லை. ஒவ்வொன்றையும் தானே கண்ணாடி மேல் வைத்தாள், தானே மூடினாள். ஸ்கேன் ஆனதும் கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லி, பார்த்த பிறகுதான் எடுத்தாள். ஆறு படம் முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் நில்லாமல் கிளம்பிவிட்டாள்.

பிறகுதான் பார்த்தேன், கோப்பு மேசை மேலேயே இருக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் பிடித்துவிட்டேன்.

"மறந்துட்ட!"

"மறக்கல" என்றாள். "இன்னும் நாலு இருக்குல்ல. நாளைக்கு ஸ்கூல் விட்டதும் வரேன்."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து வீடு திரும்பினேன். இப்போது கோப்பு அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அக்காவின் ஸ்டிக்கர் தாள்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டேன்.