எந்தக் கூட்டத்திலும் சேராத தகடு

இன்று காலை திருவொற்றியூர்ப் பட்டறையில் யாரோ ஒரு தகட்டைக் கிரைண்டரில் வைத்தார்கள். பொறிகள் பூவாய்ச் சிதறவில்லை. குட்டையாக, மங்கிய சிவப்பில் உதிர்ந்து அணைந்தன. நிக்கல் மிகுந்த உலோகத்தின் பொறி அது. உடனே உன் நினைவு வந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது.

ஒரே ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டு இதே பட்டறையில் சேர்ந்தோம். நீ எம்.கே.பி. நகரிலிருந்து சைக்கிளில் வருவாய், நான் ராயபுரத்திலிருந்து பஸ்ஸில். அந்த வருடம் எண்ணூரில் ஒரு ரசாயன ஆலைக்கு அமிலத் தொட்டி செய்துகொடுக்கும் வேலை வந்தது. அதற்கான நிக்கல் மிகுந்த தகடு கப்பலில் வந்து இறங்கியது.

"ரெண்டு பேரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல டெஸ்ட் பாஸ் பண்ணவங்க. அது போதும்," என்றார் முதலாளி.

ஆலையிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. குணம் பார்த்து உலோகங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்; ஒன்றில் தேறிய வெல்டர் அந்தக் கூட்டத்தில் உள்ள மற்றவற்றையும் பற்றவைக்கலாம். இந்தத் தகடோ எதிலும் சேரவில்லை. "இதே தகட்டுல டெஸ்ட் கொடுக்கணும். பாஸானாலும் இதுக்கு மட்டுந்தான் செல்லும்," என்றார்.

எனக்கு அலுப்பாக இருந்தது. உன் முகம் மலர்ந்தது. "ஏன் சார் சேக்கல? மத்ததுங்களோட இதுக்கு இன்னா ஒத்துப்போவல?"

"இன்னும் யாரும் சேர்க்கல. அதுக்கு மேல எனக்கும் தெரியாதுப்பா."

பற்றவைத்த மாதிரித் துண்டுகளை வளைத்துப் பார்த்தார்கள். என்னுடையதும் பிளந்தது, உன்னுடையதும் பிளந்தது. வெளியாட்களைக் கூட்டி வருவதாக முதலாளி சொன்னார். இந்த வேலை போனால் நம்மையும் அனுப்பிவிடுவார் என்று பட்டறையில் பேச்சு. நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். நீ பிளந்த துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"மாமு, நட்ட நடுவுல பொளந்துகீது பாரு. உருகி ஓடலன்னு நம்ம கரண்ட்ட ஏத்திட்டோம். இது ஸ்டீல் மாதிரி ஓடாது. கூழு மாதிரி கெட்டியா நிக்கிது."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற? வா, வூட்டுக்குப் போலாம்."

"போலாம் இரு. இதுக்கு இன்னாதான் வோணும்னு பாத்துட்டுப் போலாம்."

முதலாளியிடம் வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் இரண்டு நாள் அவகாசத்தையும் கேட்டு வாங்கினாய். எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்தோம். கரண்ட்டைக் குறைத்து, ஒரு மெல்லிய அடுக்கு வைத்து, ஆறவிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கை வைத்தோம். முகமூடியைத் தூக்கி நீ சொன்னாய்: "நம்ம இட்டுகினு போனாத்தான் வருது மாமு. தொரத்துனா வராது."

மறு டெஸ்ட்டில் இருவரின் துண்டுகளும் கீறலின்றி வளைந்தன. தொட்டி எண்ணூருக்குப் போய்ச் சேர்ந்தது. நீ இருந்தவரை அந்த உலோகம் மட்டும் மறுபடி நம் கைக்கு வரவே இல்லை.

"இந்த சர்டிபிகேட்டு இனிமே இன்னாத்துக்கு ஆவும்?" என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

"ஒண்ணுத்துக்கும் ஆவாது. ஆனா அது எப்டி உருகுதுன்னு பாத்துட்டோம்ல."

கடைசியாக ஆஸ்பத்திரியிலும் உன் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இந்தக் கட்டி எங்கேர்ந்து சார் கெளம்பிச்சி?" என்று டாக்டரைக் கேட்டாய். உன் குரலில் பயம் இல்லை, அறிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு விளக்கத் தொடங்கினார்.

இப்போது வெல்டர்களுக்கு நான் பொறுப்பு. யார் துண்டு பிளந்தாலும், அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பிளந்த இடத்தைப் பார்க்கிறேன். பிறகு அவரையும் பக்கத்தில் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.